74-ல் போன பேராண்டிக்கு

சலான் வந்திருக்குதாமா கண்ணு? உன்ற அம்மா காலைல இருந்து சாமி படத்துக்கு முன்னால உக்காந்திருக்கறா. ஆயிரம் ரூவா அபராதம்னு நீ சொன்னது அவ காதுல ஆயுள் தண்டனைன்னு உழுந்திருச்சாட்ட இருக்குது. கட்டவே மாட்டேன், கோர்ட்டுல பாத்துக்கறேன்னு சொன்னியாமா? அப்படிச் சொல்லு. நம்ம வகையறாவுல கோர்ட்டுப் படி ஏறாத ஆம்பளை ஆரு? என்ற அப்பன் கெணத்துப் பங்குக்குப் போனாரு. நான் வண்டித்தடத்துக்குப் போனேன். நீ தார்ரோட்டுக்குப் போறே. தலைமுறைக்குத் தலைமுறை முன்னேத்தம்தான்.

இந்தக் கெழவனுக்கு என்ன சட்டம் தெரியும்னு நெனைக்காதே. வண்டித்தடத்துக் கேஸு நடந்த காலத்துல கோர்ட்டு வேப்பமரத்தடியில வக்கீல் குமாஸ்தா பக்கத்துல உக்காந்து படிச்சவன் நான். உன்ற காலேஜுக்குக் கட்டினதைவிட அங்க நான் கட்டின பீஸு ஜாஸ்தி. இப்ப நம்ம டீக்கடை பெஞ்சுல அந்தக் குமாஸ்தாவும் இருக்கறாரு, ரிட்டயர் ஆன சயின்ஸ் வாத்தியாரும் இருக்கறாரு. உன்ற கேஸை நேத்தே விசாரணைக்கு எடுத்தாச்சு.

மொதல்ல, வந்தது நெசச் சலான்தானான்னு பாத்தியா? வாட்ஸ்ஆப்புல "ஆர்.டி.ஓ. சலான்"னு ஒரு பைலு வருதாம். தொட்ட ஒடனே பேங்குக் கணக்கைத் தொடச்சுட்டுப் போயிருதாம். ஏ.பி.கே.ன்னு முடியற எதையும் தொடாதே. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்டுக்கு நீயாப் போயி வண்டி நம்பரைப் போட்டுப் பாரு. அங்க இருந்தாத்தான் நீ குத்தவாளி. இல்லைன்னா வெறும் ஏமாளி.

இருக்குதுங்கறியா? செரி. கூண்டுல ஏறி என்ன சொல்லப் போறே? உன்ற அம்மாகிட்டச் சொன்ன கதையையா? பின்னால ஆம்புலன்ஸு வந்துச்சு, அதுக்கு வழி உடறதுக்குத்தான் வேகமாப் போனேன்னு. நல்ல கதைதான். ஆனா அதுக்கு முன்னாலயே நீ ஓடிட்டே இருந்தா ஆம்புலன்ஸு எப்படிக் கண்ணு உன்னைத் தாண்டும்? அடுத்த கதை, எல்லாரும் அந்த வேகத்துலதான் போனாங்கன்னு. அப்ப எல்லாருக்கும் சலான் போயிருக்கும், கோர்ட்டுக்கு வந்த ஆளு நீ ஒருத்தன்தான்னு ஜட்ஜய்யா சிரிப்பாரு. பெரிய மாமனை விட்டுப் பேசச் சொல்லலாம்னு வேற ரோசனை. ரோட்டுல நிக்கற போலீஸ்காரர்கிட்ட "நான் ஆரு தெரியுமா?"ன்னு கேட்டா அவராச்சும் ரெண்டு நிமிசம் ரோசிப்பாரு. கேமராகிட்டக் கேட்டா, ஏன் தெரியாது, நம்பர் இதுதானேன்னு காட்டிப்போடும்.

கதை சொல்லற வேலையை உட்டுரு. காயிதம் கேக்கற வேலையைப் பாரு. வண்டித்தடத்துக் கேஸுல எதிராளி அவுங்க தாத்தன் காலத்துக் கதையை மூணு வாய்தா நிறுத்தாமச் சொன்னான். நான் வாயே தொறக்கலை. சர்வே நம்பர் போட்ட வரைபடத்தைக் காட்டச் சொன்னேன். அதோட அவன் கதை நின்னுபோச்சு.

ஆனா எந்தக் காயிதத்தைக் கேக்கோணும், எதைக் கேக்கக்கூடாதுன்னு ஒரு தெளிவு வேணும். உதாரணத்துக்கு அந்தப் போட்டோ. உன்ற அம்மா போன்ல காட்டினா. நம்பர் தெளிவா இருக்குது, எடம், தேதி, நேரம் இருக்குது, 60 போற எடத்துல 74-ன்னு இருக்குது. கண்ணாடிக்கு மேல "அப்புச்சியின் ஆசி"ன்னு பட்டையா எழுதி ஒட்டியிருக்கறே பாரு, அதுவும் நெம்பத் தெளிவா இருக்குது. குத்தத்துக்கு ஒடந்தைங்கற மாதிரி என்ற பேரையும் சாட்சியத்துல ஏத்திப்போட்டே. கண்ணாடில கறுப்பு பிலிம் தெரியுது. அதை ஒட்டக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2012-லயே சொல்லிருச்சு. மாருக்குக் குறுக்க பெல்ட்டு ஓடற எடத்துல சட்டைப் பொத்தான்தான் தெரியுது. அதுக்குத் தனியா ஆயிரம். ஒரு கை ஸ்டியரிங்குல, ஒரு கை காதுகிட்ட. காது அரிச்சுச்சுன்னு சொல்லிக்கலாம். பக்கத்து சீட்டுல ஸ்வீட்டு டப்பா மட்டுந்தான் சட்டப்படி உக்காந்திருக்குது. இந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிக் காட்டுங்கன்னு கோர்ட்டுல கேட்டுராதே கண்ணு. சின்னதாவே இருக்கட்டும்.

போட்டோவுல கேக்க வேண்டிய கேள்வி வேற. பக்கத்துல இன்னொரு வண்டி இருக்குதா? ரெண்டு வண்டி ஒண்ணா வந்தா மெசினு புடிச்ச வேகம் எதோடதுன்னு கேக்கலாம். நம்பரைத் தப்பாப் படிச்சு, ஸ்கூட்டருக்குப் போக வேண்டியது காருக்கு வந்தா, கோர்ட்டு வரைக்கும்கூடப் போக வேண்டாம். சலான் சைட்டுலயே புகார் குடுக்க எடம் இருக்குது. உன்ற போட்டோவுல நீ ஒண்டியாத்தான் ஜம்முன்னு வர்றே. என்ன பண்றது, வண்டி இல்லாத ரோடாப் பாத்து ஓட்டியிருக்கறே.

அடுத்தாப்புல போர்டு. சென்னையில 2023 ஜூன்ல, பகல்ல 40-ஐத் தாண்டினா கேஸுன்னு போலீஸு சொன்னாங்க. மாட்டு வண்டிக்காரனே கோவிச்சுக்குவான், ஊரு சும்மா இருக்குமா? நிறுத்தி வெச்சுட்டாங்க. அப்பறம் அதே வருசம் நவம்பர்ல புதுசாச் சொன்னாங்க. காருக்கு 60, பைக்குக்கு 50, லாரி பஸ்ஸுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருக்கற தெருவுக்குள்ள ஆரா இருந்தாலும் 30. இப்படி ஊருக்கு ஊரு, ரோட்டுக்கு ரோடு வேகத்தைக் கொறைக்க மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவு எடம் குடுக்குது. ஆனா கொறைச்சா அதைப் போர்டுல எழுதி நடோணும்னும் சேத்திச் சொல்லுது. கேமரா வெச்சுப் புடிக்கற ரோடா இருந்தா, முன்னாலயே கண்ணுல படற மாதிரி எச்சரிக்கைப் பலகை வெக்கோணும்னு 2021 ஆகஸ்டுல வந்த 167ஏ விதி சொல்லுது.

அதனால ஒரு நாள் லீவு போட்டுட்டு அந்த எடத்துக்குப் போ. மெதுவாப் போ. போர்டு இருக்குதான்னு பாரு. வேப்பங்கொம்பு மறைச்சிருக்கலாம். பொறந்த நாள் பேனரு மறைச்சிருக்கலாம். மறைச்சிருந்தா, பேனர்ல சிரிக்கறவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போட்டோ எடு. ரோடு தெரியோணும், நீ வந்த பக்கம் தெரியோணும், சலான்ல சொன்ன எடம்தான்னு தெரியோணும். தேதியும் பதிவாகோணும், நாளைக்கே மாநகராட்சிக்காரன் வந்து கொம்பை வெட்டிப்போட்டா நீ சொல்லறது பொய்யாயிரும். ஒருவேளை போர்டு பளபளன்னு ஆளுயரத்துக்கு நின்னுச்சுன்னா, போட்டோ எடுக்காம ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்துரு. நீ போனது ஆருக்கும் தெரிய வேண்டாம்.

தேதியைப் பாத்தியா? குமாஸ்தா இந்த எடத்துல துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. வேகக் கேஸுக்கு ஒரு சலுகை இருக்குதாம், 209-ஆம் பிரிவுல. ஒண்ணு, ஓட்டையிலயே நிறுத்தி "உன்மேல கேஸு போடலாம்னு இருக்கறோம்"னு எச்சரிச்சிருக்கோணும். இல்லாட்டி 14 நாளைக்குள்ள என்ன குத்தம், எப்ப, எங்கன்னு எழுதி நோட்டீசை நேர்ல குடுத்திருக்கோணும், இல்லைன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கோணும். அதுவும் இல்லாட்டி 28 நாளைக்குள்ள சம்மன் வந்திருக்கோணும். மூணும் நடக்கலைன்னா தண்டிக்கக்கூடாது. கேமரா சலானுக்கு வந்த விதியோ 15 நாள்ங்குது. தாய்ச் சட்டத்துக்கு 14, அதுக்குப் பொறந்த விதிக்கு 15. நம்ம ஊட்டு மாதிரியே புள்ளை தாயை மிஞ்சுது. எஸ்.எம்.எஸ். ரிஜிஸ்டர் தபாலாகுமான்னு வக்கீலு ஒரு மணி நேரம் வாதாடுவாரு. பீஸே அதுக்குத்தான்.

இதைக் கேட்டு நீ துள்ளாதே. உனக்குச் சலான் அஞ்சாம் நாளே வந்துருச்சு. நமக்குப் பட்டா மாறுதல்னா ஆமையாட்டப் போறவங்க இதுல மட்டும் சுறுசுறுப்பு. அப்படியே நோட்டீசு திரும்பிப் போயிருந்தாலும், ஆர்.சி. புக்குல இன்னும் நீ காலி பண்ணின பழைய ஊட்டு விலாசம்தானே இருக்குது? ஊடு மாறினா 30 நாளைக்குள்ள சொல்லோணும்னு 49-ஆம் பிரிவு இருக்குது. நோட்டீசு வந்து சேராததுக்கு நீயே காரணம்னா 209 கை விரிச்சுரும். சலுகையைக் கேக்கப் போயி இன்னொரு குத்தத்தை ஒப்புச்சுட்டு வருவே.

இப்ப மெசினுக்கு வருவோம். சட்டம் இங்கதான் கொஞ்சம் நம்ம பக்கம் சாயுது. ஒரு போலீஸ்காரர் ஒத்தையா நின்னு, பாத்தாலே தெரியுது, பையன் பறந்துட்டான்னு சொன்னா, அதை மட்டும் வெச்சுத் தண்டிக்கக்கூடாது. கருவியில அளந்திருக்கோணும். 183-ஆம் பிரிவு மூணாவது உட்பிரிவு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து கண்ணாலயே அளந்து பழகின ஊருல இது பெரிய விசயம். அந்தக் கருவியும் சும்மா சந்தையில வாங்கி நட்டதா இருக்கக்கூடாது. மாநில அரசு நியமிச்ச அதிகாரி அது செரியா வேலை செய்யுதுன்னு சான்று குடுத்திருக்கோணும், வருசா வருசம் புதுப்பிச்சிருக்கோணும். இதைத்தான் நீ கேக்கோணும். சான்று எங்க, தேதி என்ன, இந்த மெசினுக்குக் குடுத்ததுதானான்னு கேளு. இதோட அந்த மின்பதிவு நெசமானதுன்னு அதிகாரி கையெழுத்துப் போட்ட இன்னொரு சான்றும் சலானோட இருக்கோணும். முன்னால அதை 65பி-ன்னு சொல்லுவாங்க. 2024 ஜூலையில சாட்சியச் சட்டமே மாறி இப்ப 63-ஆம் பிரிவாம். பழைய நம்பரைச் சொல்லி வாதாடற வக்கீலா இருந்தா மெதுவாக் கழட்டி உட்டுரு.

கேக்கக்கூடாததையும் சொல்லிப்போடறேன். மெசினு நேரா இல்லை, ஓரமாச் சாஞ்சு நின்னுச்சு, அதனால தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லலாம்னு உன்ற சிநேகிதன் சொன்னானாமா? அவன் எஞ்சினியரா? வாத்தியாருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறை ஏறிருச்சு. ரேடார் துப்பாக்கி நேருக்கு நேரா இருந்தாத்தான் முழு வேகத்தைக் காட்டும். சாஞ்சு நின்னு புடிச்சா கொறைச்சுத்தான் காட்டும். அப்ப நீ 74-ல வந்ததுக்குப் பதிலா 77-ல வந்திருக்கறேன்னு உன்ற வாயாலயே கோர்ட்டுக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்.

என்ற மீட்டர்ல 60-தான் காட்டுச்சுன்னு சொல்லறதும் அதே கதைதான். கம்பெனிக்காரன் மீட்டரை நெசத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டற மாதிரிதான் செஞ்சு உடறான், கொறைச்சுக் காட்ட மாட்டான். மீட்டர்ல 60-ன்னா வண்டி 60-க்குக் கீழதான் போகோணும். உன்ற வண்டியில மட்டும் எப்படி? போன தீவாளிக்கு அழகுக்குன்னு பெரிய டயரா மாத்தினே பாரு, அதனால இருக்கலாம். சக்கரம் பெருசானா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி கூடத் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இதை வாத்தியாரு காப்பி டம்ளரையும் சொம்பையும் உருட்டிக் காட்டினாரு. கோர்ட்டுல உருட்டிக் காட்டாதே. டயரை எதுக்கு மாத்தினேன்னு அடுத்த கேள்வி வரும்.

இத்தனைக்கு அப்பறமும் எதிர்க்கறதுன்னா வழி இருக்குது. கட்டாம உட்டா மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்க வேப்பமரமும் இல்லை, டவாலியும் இல்லை, ரெண்டு பட்டன்தான். ஒண்ணு அபராதம் கட்டறேன், இன்னொண்ணு எதிர்க்கறேன். எதிர்க்கறேன்னு அமுக்கினா கேஸு நெசமான கோர்ட்டுக்கு வந்துரும். நீயும் வந்துரோணும்.

பத்தரைக்குக் கோர்ட்டுன்னா பத்து மணிக்கே போயிரு. வெளிய பெஞ்சு இருக்கும், அதுல உக்கார எடம் இருக்காது. டவாலி உன்ற பேரை மூணு தடவை கூப்புடுவாரு, மூணுல ஒண்ணுகூட உன்ற பேரு மாதிரி இருக்காது. வெளிய டீக்குடிக்கப் போனவன் கேஸுதான் எப்பவும் மொதல்ல வரும். உள்ள போனா, குத்தத்தை ஒத்துக்கறியாம்பாங்க. ஒத்துக்கலைன்னா வாய்தா. அடுத்த வாய்தாவுக்கு அதிகாரிக்கு வேற பந்தோபஸ்து, இன்னொரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உன்ற ஒரு நாள் சம்பளம், வக்கீலுக்கு ஒரு கவரு, பார்க்கிங்குக்கு நாப்பது. தோத்தா 183-ல லேசு வண்டிக்கு 1,000-ல இருந்து 2,000 வரைக்கும் ஜட்ஜய்யா போடலாம். 2019-க்கு முன்னால மொதல் தடவைக்கு 400-தான் உச்சம். நீ கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டே.

கோர்ட்டுல இருந்து சம்மன் வந்தப்பறம் மனசு மாறினாலும் ஒரு வழி இருக்குது. 208-ஆம் பிரிவுல, சொன்ன பணத்தை மணியார்டர்ல அனுப்பி, குத்தத்தை ஒத்துக்கறேன்னு அந்தக் கூப்பன்லயே எழுதி உட்டு ஊட்லயே இருந்துக்கலாம். மானம் போறதைத் தபால்ல அனுப்பற வசதி.

ஆயிரம் ரூவாயைவிடப் பெரிய ஆபத்து ரெண்டாவது தடவை மாட்டறது. அப்ப லைசென்ஸையே புடுங்கி வெச்சுக்க எடம் இருக்குது. வேகத்துக்கு மூணு மாசமாச்சும் லைசென்ஸை நிறுத்தி வெக்கச் சொல்லி, சுப்ரீம் கோர்ட்டு போட்ட சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-லயே எல்லா மாநிலத்துக்கும் எழுதிருச்சு. மூணு மாசமும் உன்ற பொண்டாட்டி ஸ்கூட்டிக்குப் பின்னால உக்காந்துதான் ஆபீஸ் போகோணும். அவ முப்பதைத் தாண்ட மாட்டா. போற வழியெல்லாம் உனக்குப் புத்தியும் சொல்லுவா.

அதனால என்ன பண்ணச் சொல்லறேன்னு கேக்கறியா? நேத்து சாயங்காலம் வரைக்கும், விடாதே, சான்றைக் கேளு, மோதிப் பாத்துருன்னுதான் சொல்லறதா இருந்தேன். அப்பத்தான் குமாஸ்தா கண்ணாடியைத் தொடச்சுட்டு அதே 183-ல நாலாவது உட்பிரிவைப் படிச்சாரு. பஸ் முதலாளிங்களை மனசுல வெச்சு எழுதினது போல. இத்தனை மணிக்குள்ள போய்ச் சேரோணும்னு டைம் டேபிள் போட்டாலோ, ஆராச்சும் உத்தரவு குடுத்தாலோ, வேகத்தைத் தாண்டாம அது முடியாதுன்னு கோர்ட்டுக்குப் பட்டா, உத்தரவு குடுத்தவனும் குத்தவாளிங்கறதுக்கு அந்த உத்தரவே முதல் நோக்குச் சாட்சியமாம்.

அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு நீ கிண்டிகிட்ட வந்துட்டேன்னு போன்ல சொன்னே. பன்னண்டு மணி மொதல் பந்திக்குள்ள வந்து சேரலைன்னா கெடாக்கறி கெடையாது, கொழம்பை மட்டும் ஊத்திக்கன்னு இந்தப் பக்கம் இருந்து ஒரு கெழவன் சொன்னான். கிண்டியில இருந்து நம்ம ஊரு நானூறு கிலோமீட்டருக்கு மேல. வாத்தியாரு பெஞ்சு மேல வெரல்ல தண்ணியைத் தொட்டுக் கணக்குப் போட்டாரு. நூறுல எங்கயும் நிக்காம வந்தாக்கூட ஆகாதாம். ரெண்டு பேரும் பேசாம என்னையவே பாத்தாங்க. டீக்கடைக்காரன் வேற பாத்தான்.

எதுக்கு அவ்வளவு வேகமாப் போனேன்னு ஜட்ஜய்யா கேட்டா நீ உண்மையைத்தான் சொல்லுவே, உன்னை அப்படித்தான் வளத்திருக்கறோம். அதனால பக்கத்தூட்டுப் பையன்கிட்ட ஆயிரம் ரூவாயைக் குடுத்து உன்ற நம்பருக்குப் போடச் சொல்லிட்டேன். வந்துருச்சான்னு பாரு. இன்னிக்குப் பொழுதுக்குள்ள கட்டி ரசீதை உன்ற அம்மாவுக்கு அனுப்பிரு, சாமி ரூமுல இருந்து எந்திரிச்சாத்தான் எனக்குச் சோறு. அப்பறம் கண்ணு, உன்ற போன்ல பேசறதெல்லாம் தானாப் பதிவாகும்னு ஒரு தடவை சொன்னியே, அது இந்தப் போனா, பழைய போனா?